பென்சிலில் எழுதிய மூன்று நிமிடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஃப்ரிகான்ஸ் என்பது ஒரு மொழி. டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய்த் தென்னாப்பிரிக்காவில் இறக்கியது, அங்கே பல நிறத்து மனிதர்கள் பேசிப் பேசி வேறொன்றாக மாறிவிட்டது. அதற்கென்று நாடகம் உண்டு, நடிகர்கள் உண்டு, அந்த நடிகர்களுக்குள் ஆயுசுக்கும் தீராத சண்டைகள் உண்டு. இதை இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பேச ஆள் இல்லாத மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரப்பாக்கத்தில் வீட்டு பால்கனியில் நின்று தண்ணி லாரிக்காரனைத் திட்டத்தான் உதவுகிறது. திட்டுவதற்கு அருமையான மொழி.

எங்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவர் உப்பிலி சாருக்கே இன்னும் விளங்கவில்லை. "நம்ம ரமா ஆப்பிரிக்க டான்ஸ்ல டாக்டரேட் பண்ணினவ" என்று ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் அறிமுகப்படுத்தினார். நான் ஆடிக் காட்டுவேன் என்று நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு ஆஃப்ரிகான்ஸ் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்து மேடையேற்றத் துணிந்தேன் என்றால் எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது.

நாடகத்தின் பெயர் 'காய்ந்த அணை'. மழை பொய்த்த ஒரு பண்ணை. ஒரு அம்மா, குடிக்கிற அப்பா, வீட்டைவிட்டுப் போன மகன். இரண்டாம் அங்கத்தில் அம்மா சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைக்கிறாள். மகனுக்கும் ஒரு தட்டு. பிறகு கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். மௌனம். பிறகு மகன் உள்ளே வருகிறான்.

அந்த மௌனம்தான் என் வாழ்க்கை.

அச்சான பிரதியில் 'சிறு மௌனம்' என்றுதான் இருக்கும். ஆனால் உதவித்தொகையில் பதினெட்டு மாதம் தென்னாப்பிரிக்காவில் போய் இருந்தபோது, ஆவணக் காப்பகத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் 1976இல் நாடகத்தை முதலில் போட்ட இயக்குநரின் சொந்தப் பிரதி எனக்குக் கிடைத்தது. அந்த இடத்தில் ஓரமாகப் பென்சிலால் 'மௌனம், 3 நிமிடம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மேடையில் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காமல் இருப்பதென்றால் எவ்வளவு பெரிய துணிச்சல்! நிறவெறியில் தான் செய்த பாவத்தைப் பேச வாய் வராத ஒரு சமூகத்தின் மௌனம் அது என்று எழுதினேன். தணிக்கைக்குப் பயந்து பதிப்பாளர் அதைச் 'சிறு மௌனம்' ஆக்கிவிட்டார் என்று தனியாக நாற்பது பக்கம். முனைவர் பட்டம், புத்தகம், பதவி உயர்வு எல்லாம் அந்தப் பென்சில் வரியிலிருந்து வந்தவை.

சிங்கப்பெருமாள் கோயிலில் நாடகக் குழு நடத்தும் உலகநாதன்தான் இதைப் போட ஒப்புக்கொண்டார். கம்பெனிகளுக்கு டெம்போ வேன் ஓட்டுகிறவர், நாடகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. முதல் நாளே மௌனத்தில் சண்டை வந்துவிட்டது.

"மேடம், மூணு நிமிசம் ஒருத்தரு சும்மா நின்னுகினு இருந்தா சனங்க இன்னா நினைக்கும்? டயலாக்கு மறந்துட்சுன்னு நினைக்கும். நானு முப்பது செகண்டு குடுக்கறேன், அதுக்கு மேல தாங்காது."

"மூணு நிமிஷம் உலகநாதன். ஒரு செகண்ட் குறையக் கூடாது."

"ரெண்டு?"

"இது என்ன மீன் மார்க்கெட்டா?"

மகனாக நடித்த கார்த்தி கேளம்பாக்கத்தில் ஐடி கம்பெனிக்காரன். தட்டிக்குப் பின்னால் மூன்று நிமிடம் காத்திருக்கும் நேரத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் சேர்ந்துவிடுவான். ஒருநாள் காதில் ஹெட்செட்டோடு மேடைக்குள் வந்து, பத்து வருடம் கழித்துப் பார்க்கும் அம்மாவிடம் "எஸ், ஐ ஆம் ஆடிபிள்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் மண்டபத்துக் குழம்பு அண்டாவை எட்டி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

அம்மாவாக நடித்த துர்காதேவி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. பக்கத்துத் தொழிற்பேட்டையில் கேன்டீன் சூப்பர்வைசர். நாற்பத்தொரு வயது. ஷிஃப்ட் முடிந்து வந்து தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நில் என்றால் நிற்பாள். ஸ்டாப்வாட்சில் நான் நேரம் பார்ப்பேன். நேரம் மட்டும்தான் பார்ப்பேன். "மூணு நிமிஷம் ரெண்டு செகண்ட். நல்லா பண்ணினீங்க துர்கா" என்பேன். தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். இவளாவது தொல்லை கொடுக்காமல் இருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, மாமல்லபுரத்தில் கடலோரம் ஒரு கலை மையத்தின் திறந்த மேடையில். அதற்கு முன்னால் நான் பதினைந்து நிமிடம் மௌனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. உப்பிலி சார் தலைமை. அது போதாதென்று ஹெஸ்டர் வந்து சேர்ந்தாள்.

ஹெஸ்டர் கிரோப்லர் 1976இல் அந்த அம்மாவாக நடித்தவள். இருபத்தொன்பது வயதில் தலைமயிருக்கு மாவு பூசிக்கொண்டு கிழவியாக நின்றவள், இப்போது எழுபத்தெட்டு வயதில் மாவு இல்லாமலே நரைத்திருந்தாள். அவளுடைய அக்கா மகள் என் புத்தகத்தை எங்கோ பார்த்துவிட்டு எழுதியிருந்தாள்: சின்னம்மா இருக்கிறார், கண் பார்வை மங்கிவிட்டதால் படிப்பதில்லை, தமிழில் நாடகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். அந்தக் குழுவில் உயிரோடிருப்பது இவள் ஒருத்திதான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மௌனத்தில் நின்ற மனுஷியே வருகிறாள்!

வெள்ளிக்கிழமை அவளைக் கடலோர மேடைக்கே முழு ஒத்திகைக்கு அழைத்துவந்தேன். வாசலில் உலகநாதன் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் 'ஆப்பிரிக்க நாடகம்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு வரிக்குதிரை.

"கடைக்காரன் அவனா போட்டுக் குட்துட்டான் மேடம். வுடுங்க, நல்லாத்தான கீது."

ஹெஸ்டர் ஒட்டகச்சிவிங்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகை நன்றாகவே போனது. காற்று பலமாக அடித்துத் தட்டி ஆடியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இரண்டாம் அங்கம் வந்தது. துர்காதேவி தட்டுகளை வைத்தாள். மகனுடைய தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கதவைப் பார்த்தாள். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஒரு நிமிடம் ஆனது. ஒன்றரை நிமிடம் ஆனது. பக்கத்தில் ஹெஸ்டரின் நாற்காலி கிரீச்சிட்டது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவள் எதற்குப்பா இவ்வளவு நேரம் நிற்கிறாள்?" என்று ஆஃப்ரிகான்ஸில் என் காதில் கேட்டாள். "கோபஸ் ஓடி வருவதற்கா?"

"யார் கோபஸ்?"

மகனாக நடித்தவன் கோபஸ். முந்தின காட்சியில் பாதிரியாராகவும் அவனேதான். குழு சின்னது, ஒரு பழைய பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ச் சர்ச் கூடங்களில் போடுவார்கள். முதல் ஊரின் கூடத்தில் மேடைக்குப் பின்னால் வழி கிடையாது. பாதிரியார் இடதுபக்கம் வெளியே போய், கறுப்புக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தெருவில் இறங்கிக் கூடத்தை முழுசாகச் சுற்றி ஓடி, வலதுபக்கக் கதவு வழியே மகனாக வர வேண்டும். நடுவில் ஒரு வீட்டு நாய் துரத்தும். அதனால் மூன்று நிமிடம்.

"நான் அந்தத் தட்டை ஒன்பது தரம் துடைத்தேன். மனசுக்குள் கோபஸையும் அவன் அம்மாவையும் திட்டிக்கொண்டே துடைத்தேன். டைரக்டருக்கு அப்படி ஒரு கோபம். புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அவனிடம் கத்தினார்."

"அடியில் ரெண்டு கோடு..." என்றேன்.

"கோடா? அவர் கோபத்தில் காகிதத்தைக் கிழிக்காமல் விட்டாரே. அடுத்த ஊரில் பத்து நொடிதான்."

அப்போது மூன்று நிமிடம் முடிந்து கார்த்தி உள்ளே வந்தான். காட்சி முடிந்ததும் ஹெஸ்டர் எழுந்து போய் துர்காதேவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்ன அதே கதையைச் சிரிப்போடு அவளிடமும் சொன்னாள். துர்காதேவி என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொல்றாங்க மேடம்?"

"ரொம்ப நல்லா நின்னீங்கன்னு சொல்றாங்க."

துர்காதேவியின் முகம் மலர்ந்தது. "அப்பிடியா? அவுங்க நின்ன எடமாச்சே" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் அந்த மௌனத்தைப் பற்றிப் பேசிய ஒரே வாக்கியம் அது. எனக்கு அப்போது அதெல்லாம் காதில் விழவில்லை. இருபது வருடம் ஒரு நாய்க்குப் பயந்து ஓடினவனை ஆராய்ச்சி செய்திருக்கிறேன் என்பதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஹெஸ்டர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். கடலைப் பார்த்த வராந்தாவில் உட்கார்ந்து காபியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டி, பென்சில், சமூகத்தின் பாவம், தணிக்கை, நாற்பது பக்கம். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த வருஷம் அங்கே இருந்தாய்?"

சொன்னேன். எந்த ஊர் என்றும் சொன்னேன்.

"என் வீடு அங்கிருந்து காரில் நாற்பது நிமிஷம். போன் டைரக்டரியில் என் பெயர் இருந்தது. பதினெட்டு மாதமும் வீட்டில் சும்மாதான் இருந்தேன், யாரும் வேஷம் கொடுக்கவில்லை. ஏன் என்னை வந்து கேட்கவில்லை?"

பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கம். என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார்: நடிகர்களைக் கேட்காதே, அவர்கள் நினைவில் எல்லாக் காட்சிக்கும் கைதட்டல்தான், காகிதத்தை நம்பு. நானும் நல்ல மாணவியாகக் காகிதத்தை நம்பினேன். ஹெஸ்டரைத் தேடவே இல்லை. இன்னும் சொன்னால், செத்துப்போயிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். அடிக்குறிப்புக்கு அது வசதி.

"நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை" என்றாள் ஹெஸ்டர். "என்னை யார் கேட்கப்போகிறார்கள்? நாளைக்கு நீ தமிழில்தான் பேசுவாய், எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. உன் இஷ்டம்."

இதைவிட மோசமாக ஒருவரைத் தண்டிக்க முடியாது. மூடி மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த மாவட்டத்தில் எவன் என்னைச் சரிபார்க்கப்போகிறான்? புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. இன்னும் சில வருடத்தில் ஹெஸ்டரும் இருக்க மாட்டாள், மௌனம் எனக்கே எனக்கென்று ஆகிவிடும். அன்று முழுக்க இப்படியே நினைத்து நினைத்து என் மேல் எனக்கே அருவருப்பு வந்துவிட்டது. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். ஒட்டகச்சிவிங்கியின் புண்ணியத்தில் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், உலகநாதனின் டிரைவர் நண்பர்கள், தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். உப்பிலி சார் ஆப்பிரிக்காவின் இயற்கை வளங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு நான் மைக்கின் முன்னால் நின்றேன். கையில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை. முதல் வரி 'மௌனம் என்பது வெறும் சொல்லின்மை அன்று'. முன்வரிசையில் ஹெஸ்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரியை வாசிக்க முடியவில்லை. காகிதத்தை மடித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். பென்சில் வரியைச் சொன்னேன், அதை நம்பிப் பட்டம் வாங்கியதைச் சொன்னேன். கோபஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். நாயைச் சொன்னபோது கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். நாய் எப்படிக் குரைத்திருக்கும் என்றுகூடச் செய்து காட்டினேன். "இருபது வருஷமா நான்தான் அந்தக் கூடத்தைச் சுத்திச் சுத்தி ஓடியிருக்கேன்" என்று முடித்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உப்பிலி சாரும் தட்டினார். நான் இந்த ஊரில் பேசியதற்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் முறை. இறங்கி வரும்போது உடம்பே லேசாகிவிட்டது. மன்னிப்பு கேட்டாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

நாடகம் தொடங்கியது. முதல் அங்கம் முழுக்கக் கூட்டம் அசையாமல் பார்த்தது.

இரண்டாம் அங்கத்தில் துர்காதேவி தட்டுகளை வைத்தாள். மகனுடைய தட்டை எடுத்துத் துடைத்தாள். கதவைப் பார்த்து நின்றாள். பின்னால் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

இருபது நொடி ஆகியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னும் ஓடிகினே கீறான் போலக்குதே!"

சிரிப்பு வெடித்தது.

"நாய் கட்சிட்சோ இன்னாவோ!"

குழந்தைகள் குரைக்க ஆரம்பித்தன, நான் செய்து காட்டிய மாதிரியே. ஒருவர் செல்போனில் நேரத்தை வைத்துச் சத்தமாக எண்ணினார். என் பக்கத்தில் உப்பிலி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துர்காதேவி திரும்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டை இன்னொரு தரம் துடைத்தாள். ஹெஸ்டர் என் முழங்கையைப் பிடித்து, "எதற்குச் சிரிக்கிறார்கள்? அவள் நன்றாகத்தானே நிற்கிறாள்?" என்று கேட்டாள். எழுந்து நின்று எல்லோரையும் அடக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லி அடக்குவது? சிரிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பாவம் பார்த்துக் கார்த்தி சீக்கிரமாகவே உள்ளே வந்துவிட்டான். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. விசில் பறந்தது. "வந்துட்டாம்பா!" என்று கத்தினார்கள். துர்காதேவி அடுத்த வசனத்தைச் சொன்னாள், அதற்கடுத்ததையும் சொன்னாள், ஒரு பிசகில்லாமல் நாடகத்தை முடித்துக் கொடுத்தாள்.

மேடைக்குப் பின்னால் ஓலைத் தடுப்பில் உலகநாதன் பூரித்துப்போய் நின்றார். "சூப்பர் மேடம்! அந்த எடத்துல விசிலு பாத்தீங்களா? நான் மொத நாளே சொன்னேன்ல, மூணு நிமிசம் தாங்காதுன்னு!"

துர்காதேவி ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் நின்றேன்.

"துர்கா, மனசாட்சி உறுத்திச்சு. உண்மையைச் சொல்லணும்னு தோணிச்சு..."

"சொன்னது தப்பில்ல மேடம்." துடைப்பதை நிறுத்தவில்லை. "வெள்ளிக்கெயம அந்தம்மா என் கையப் புட்சிகினு சொன்னாங்களே, அப்பவே எங்கிட்ட சொல்லிருக்கலாம். இல்ல, நாடகம் முட்சப்பறம் சொல்லிருக்கலாம். எங்க கேன்டீன்லேந்து நாப்பது பேரு வந்துகீறாங்க. என் பொண்ணு வந்துகீது."

"நான் யோசிக்கலை."

"நீங்க எய்தி வெச்சது பொய்யின்னா அது உங்களோட. நான் நின்னது பொய்யில்லியே."

உலகநாதனின் சிரிப்பு நின்றுவிட்டது. வேனில் சாமான் ஏற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். நான் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"துர்கா, அங்க நிக்கறப்போ யாரை நினைச்சுப்பீங்க?"

அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"ரெண்டு மாசம் உங்க கண்ணு முன்னால நின்னேன். நீங்க வாட்ச்ச பாத்துகினு இருந்தீங்க. இன்னிக்கி கேப்பாங்க, நாளைக்கி கேப்பாங்கன்னு நான் பாத்துகினு இருந்தேன்." பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "இனிமே அது எதுக்கு மேடம், வுடுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். காலையில் ஐந்தரைக்கு ஷிஃப்ட், கம்பெனி பஸ் கிளம்பிவிடும் என்று யாரிடமோ சொன்னாள். இருவரும் சவுக்குத் தோப்பைத் தாண்டி ரோட்டை நோக்கி நடந்தார்கள்.